கூலிக் கணக்கில் அகப்பட்ட நோய்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே,

நோய் வந்தால் டாக்டர் பார்த்துக்கொள்வார், சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. கூலி, போனஸ், வேலை நேரம் இவைதான் சங்கத்தின் விஷயங்கள், உடம்பு அவரவர் பாடு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்று ஒரு டாக்டரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். கதை என்று சொன்னாலும் நடந்த விஷயம். நடந்த இடம் அமெரிக்கா. அதில் வருகிறவர்களோ உங்களைப் போலப் பஞ்சாலையில் நூல் நூற்றவர்களும், வயலில் பருத்தி எடுத்தவர்களும்தான்.

டாக்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் தம்மிடம் வருகிற நோயாளியைப் பார்த்து, "இவனுக்கு என்ன நோய்?" என்று கேட்கிறார், மருந்து கொடுக்கிறார். இந்த டாக்டரை நமக்குத் தெரியும். இன்னொருவர் ஊரையே நோயாளியாக வைத்துப் பார்க்கிறவர். "இந்த நோய் யாருக்கு வந்தது? யாருக்கு வரவில்லை? எந்தத் தெருவில், எந்த மாதத்தில் வந்தது? ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு வீட்டில் ஒரு வீடு படுத்துக் கிடக்கிறது, மறு வீடு எழுந்து நடமாடுகிறது, ஏன்?" என்று அவர் கேட்கிறார். இந்த வேலைக்கு எபிடெமியாலஜி என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எண்ணுவதும் ஒப்பிடுவதும்தான் அதன் அஸ்திவாரம். ஆனால் எதை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நான் சொல்ல வந்தவர் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர். 1874-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் பிழைப்புத் தேடி 1883-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஏழைகள் வாழ்ந்த பகுதியில் தகப்பனார் ஒரு சிறு மளிகைக் கடை வைத்தார். பையன் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தான், படித்தான், டாக்டரானான். 1899-இல் சர்க்கார் சுகாதார இலாகாவில் சேர்ந்தார். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் என்று எந்த நோயை ஆராயப் போனாரோ அந்த நோய்களெல்லாம் அவரையே பிடித்தன. மூன்றிலிருந்தும் பிழைத்து எழுந்தார். 1914-இல் அவரைத் தெற்கு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அப்போது பெல்லாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது.

பெல்லாக்ரா எப்படி வரும்? வசந்த காலம் பிறந்ததும் புறங்கையிலும் பாதத்திலும் கழுத்தைச் சுற்றியும் தோல் வெந்தது போலச் சிவந்து, பிறகு கறுத்து உரியும். நாக்கு புண்ணாகும். வயிற்றுப்போக்கு நிற்காது. மனம் சோர்ந்து, புத்தி பேதலிக்கும். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் நிறைந்து கிடந்தார்கள். முற்றினால் சாவு. இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அந்த நாட்டில் சுமார் 30 லட்சம் பேருக்கு இது வந்தது என்றும், சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் பின்னாளில் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இது யாருடைய நோய்? அந்தச் சீமையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். தெற்கே எங்கு பார்த்தாலும் பருத்தி. நிலம் பண்ணையாருடையது, உழுகிறவன் வாரக்குடி. அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டாலும் நீக்ரோ மக்களும் ஏழை வெள்ளையர்களும் வாரத்துக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டே கிடந்தார்கள். விதையும் சாப்பாடும் கடன். அறுவடையானதும் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கடன் கொடுப்பவனுக்கு வேண்டியது பருத்தி. ஆகவே வீட்டு வாசல் வரைக்கும் பருத்தியே நட்டார்கள். காய்கறித் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் இடமில்லை. கடன் கணக்கில் கிடைத்த சாப்பாடு மூன்றே பண்டம்: மக்காச்சோள மாவு, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு.

ஆலைத் தொழிலாளியின் கதை இதற்கு அண்ணன் தம்பி. ஆலையைச் சுற்றி ஆலைக் கிராமம். வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. கடையில் வாங்கியதைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஆலைகளில் பெரும்பாலும் வெள்ளைத் தொழிலாளர்கள்தான் வேலை பார்த்தார்கள். நீக்ரோ மக்களை வயலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறத்தைச் சொல்லி இருவரையும் பிரித்து வைத்தவர்களால் நோயைப் பிரித்து வைக்க முடியவில்லை. அது இரு பக்கமும் புகுந்தது. நீக்ரோ மக்களிடையே சாவு இன்னும் அதிகம்.

நோய்க்கு என்ன காரணம் சொன்னார்கள்? கிருமி என்றார்கள். தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க் வட்டாரத்து ஆலைக் கிராமங்களில் 1912 முதல் ஒரு கமிஷன் ஆராய்ச்சி நடத்தியது. கழிவு நீர் வசதி இல்லாத இடங்களில் நோய் அதிகமாக இருப்பதைக் கண்டு, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது தொற்று நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் கமிஷன் சொல்லிவிட்டது. இன்னொரு விஞ்ஞானி, இது பரம்பரை ரத்தத்தின் குறை என்றார். தொழிலாளியின் அழுக்கு, அல்லது தொழிலாளியின் ரத்தம்! இந்த இரண்டு பதிலுமே கம்பெனிக் கடையின் பக்கம் ஒருவரையும் திரும்பிப் பார்க்க விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கமிஷன்காரர்களும் எண்ணத்தான் செய்தார்கள். அவர்கள் எண்ணிக்கையும் பொய்யல்ல. கழிவு நீர் வசதி இல்லாத வீட்டில் நோய் இருந்தது உண்மை. ஆனால் அந்த வீட்டில் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. வறுமை வந்தால் தனியாக வருவதில்லை. பத்துக் குறைகளைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அந்தப் பத்தில் கொலைகாரன் எது, உடன் வந்தவன் எது என்று பிரித்துக் காட்டுவதுதான் நான் சொல்லுகிற டாக்டரின் வேலை.

கோல்ட்பெர்கர் முதலில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கும் அநாதை விடுதிகளுக்கும் போனார். நோயாளிகளை மட்டும் பார்க்கவில்லை, நோயில்லாதவர்களையும் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கணக்காக நோயாளிகளைத் தொட்டுக் கழுவி, அவர்களோடேயே இருக்கும் நர்சுகளுக்கும் பணியாளர்களுக்கும் பெல்லாக்ரா வருவதில்லை. கிருமி என்றால் அது சம்பளப் பட்டியலைப் பார்த்தா பிடிக்கும்?

மிஸிஸிப்பி மாகாணத்தில் ஜாக்ஸன் நகரத்து அநாதை விடுதி ஒன்றில் 1914 ஜூலையில் 211 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் 68 பேருக்கு நோய். அவர் வயதுப்படி பிரித்து எண்ணினார். ஆறு வயதுக்குக் கீழே 25 குழந்தைகள்; நோய் 2 பேருக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை 120 குழந்தைகள். நோய் 65 பேருக்கு. பன்னிரண்டுக்கு மேல் 66 பேர். நோய் ஒரே ஒருவருக்கு. ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே கக்கூஸ். நடு வயதுக் குழந்தைகளை மட்டும் நோய் ஏன் பொறுக்கி எடுத்தது? சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். சின்னக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெரிய பிள்ளைகள் வேலை செய்கிறவர்கள் என்பதால் அவர்களுக்கு இறைச்சி கொடுத்தார்கள். பாலுக்கு வயது தாண்டிப்போய், வேலைக்கு வயது வராமல் இருந்த குழந்தைகளுக்கு மாவும் பாகும்தான். அங்கேயும் இன்னொரு விடுதியிலும் சர்க்கார் பணத்தில் பால், முட்டை, இறைச்சி, பயறு வகைகள் கொடுக்க ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு இரண்டு விடுதியிலும் நோய் அநேகமாக மறைந்தே போயிற்று.

இத்தனையும் காட்டிய பிறகும் பலர் நம்பவில்லை. 1915-இல் மிஸிஸிப்பி மாகாணத்துச் சிறைப் பண்ணை ஒன்றில் கைதிகள் சிலருக்கு, விடுதலை தருவதாகக் கவர்னர் வாக்களித்ததன் பேரில், ஏழைகளின் சாப்பாட்டையே மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார். கடைசி வரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. விடுதலைக்காக ஏங்குகிறவனிடம் வாங்கிய சம்மதம் உண்மையான சம்மதமா? இல்லை. இன்று அப்படிச் செய்ய மருத்துவ நெறிமுறை இடம் கொடுக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்த சோதனைக்கு அவர் தம்மையே கொடுத்தார். 1916-இல் அவரும் சக டாக்டர்கள் சிலரும் பெல்லாக்ரா நோயாளிகளின் ரத்தத்தை ஊசி போட்டுக்கொண்டார்கள். உரிந்த தோலையும் மலத்தையும் சிறுநீரையும் மாவில் பிசைந்து விழுங்கினார்கள். அவருடைய மனைவி மேரியும் நோயாளியின் ரத்தத்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கும் நோய் வரவில்லை. தொற்று நோய் என்ற வாதத்துக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இனித்தான் நமக்கு முக்கியமான பகுதி. அதே 1916-இல் தென் கரோலினாவில் ஏழு ஆலைக் கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அவருடன் டாக்டர் வீலரும், எட்கர் ஸைடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதார நிபுணரும் சேர்ந்தார்கள். நோயைத் தேடப் போகிற டாக்டர் கூலிக் கணக்குத் தெரிந்தவரையும் கூட அழைத்துக்கொண்டு போனார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எப்படி வேலை செய்தார்கள்? பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் கையையும் கழுத்தையும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், வர முடியாதவன் கணக்கில் சேராமல் போவான் அல்லவா? ஒவ்வொரு வீட்டிலும் பதினைந்து நாளில் என்ன சாப்பாட்டுச் சாமான் வந்தது என்று கடைக் கணக்கிலிருந்தும் வீட்டாரிடமிருந்தும் குறித்துக்கொண்டார்கள். வீட்டில் மாடு இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தின் வருமானத்தை எழுதினார்கள். நாலு பேர் உள்ள வீட்டையும் பத்துப் பேர் உள்ள வீட்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்பதற்காக, வருமானத்தைச் சாப்பிடுகிற வாய்களின் கணக்கால் வகுத்தார்கள். கிராமத்தின் சுகாதார வசதிக்கும் தனியே மார்க் போட்டார்கள்.

மொத்தம் சுமார் 4,160 பேரின் கணக்கு. அது என்ன சொல்லிற்று?

கூலி மிகவும் குறைந்த குடும்பங்களில், அதாவது வளர்ந்த ஆள் ஒருவருக்கு அரை மாதத்துக்கு ஆறு டாலர் கூடத் தேறாத குடும்பங்களில், ஆயிரம் பேருக்கு நாற்பதுக்கு மேல் நோய். அடுத்த படியில் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. அதற்கும் அடுத்த படியில் இன்னும் குறைவு. மேல் படிகளுக்குப் போனால் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பேர்தான். கூலி ஒரு படி ஏற ஏற, நோய் ஒரு படி இறங்குகிறது. சுகாதார மார்க்கை வைத்துப் பார்த்தால் இப்படி எந்த ஒழுங்கும் தெரியவில்லை. கமிஷன் பிடித்து வைத்திருந்தது கொலைகாரனை அல்ல, கூட வந்தவனை என்பது வெளிச்சமாயிற்று.

இன்னொன்றும் கண்டார்கள். கூலி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும் ஒரு கிராமத்தில் நோய் அதிகம், மற்றொன்றில் இல்லை. விசாரித்தால், நோயில்லாத கிராமத்துக்கு அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் பாலும் இறைச்சியும் காய்கறியும் கொண்டுவந்து விற்கிறார்கள். நோயுள்ள கிராமத்தைச் சுற்றிலும் பருத்தி. விற்க வருகிறவனும் இல்லை, விற்கப் பண்டமும் இல்லை. ஆகவே கையில் கூலி இருந்தால் மட்டும் போதாது, சுற்றியுள்ள நிலத்தில் என்ன விளைகிறது என்பதும் முக்கியம் என்றாயிற்று. ஆலைத் தொழிலாளியின் வயிறு வயலில் உழுகிறவனின் நிலைமையோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வயதும் பாலும் பிரித்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்களில் பெண்களுக்கே நோய் மிக அதிகம், அதிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு. உழைத்துச் சம்பாதிக்கிற ஆண்களுக்குக் குறைவு. காரணம் உங்கள் வீட்டுத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். இருக்கிற துண்டு இறைச்சி வேலைக்குப் போகிறவன் தட்டுக்குப் போகிறது. இருக்கிற பால் கைக்குழந்தைக்குப் போகிறது. கடைசியாக உட்காருகிறவளுக்கு மிஞ்சியது மாவுக் கூழ். கணக்குப் புத்தகத்தின் ஒரு பத்தியில் வீட்டு அடுப்பின் நியாயமும் வெளியே வந்துவிட்டது.

உண்மை தெரிந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது? 1920-இல் பருத்தி விலை சரிந்தது. வாரக்குடிகளின் வருமானம் விழுந்தது. விலை விழுந்தால் அடுத்த வசந்தத்தில் நோய் ஏறும் என்பது கோல்ட்பெர்கருக்குத் தெரியும், 1921-இல் எச்சரித்தார். ஜனாதிபதி ஹார்டிங், தெற்கே பஞ்சமும் கொள்ளை நோயும் வருவது போலிருக்கிறது என்று கவலைப்பட்டு, உதவி ஏற்பாடு செய்யும்படி செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொன்னார். உடனே தெற்கத்திய அரசியல்வாதிகளும் வர்த்தகர்களும் பத்திரிகைகளும் கொதித்து எழுந்தார்கள். நோய்க்காகக் கொதிக்கவில்லை, எங்கள் சீமையில் பஞ்சம் என்று சொல்லி மானத்தை வாங்குகிறீர்களே, முதலீடும் வியாபாரமும் கெட்டுப் போகுமே என்று கொதித்தார்கள்! உதவி வேண்டாம் என்றார்கள். செத்தவர்களின் மானத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

1927-இல் மிஸிஸிப்பி ஆறு கரை உடைத்துப் பெருவெள்ளம் வந்தது. கோல்ட்பெர்கரும் ஸைடன்ஸ்ட்ரிக்கரும் வெள்ளப் பகுதிக்குப் போனார்கள். பீர் தயாரிக்கப் பயன்படுகிற ஈஸ்ட் இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதை அதற்குள் அவர் கண்டுபிடித்திருந்தார். அது மிக மலிவு. செஞ்சிலுவைச் சங்கம் 12,000 பவுண்டு ஈஸ்ட்டை ஜனங்களுக்கு வழங்கியது. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் ஈஸ்ட் அவசரத்துக்கு உதவும் பொருள்தான் என்பதை அவர் அறிவார். ஒரே பயிரையும் கடனையும் நம்பி நிற்கிற வாரக்குடி முறை மாறாமல் நோய் நிரந்தரமாகப் போகாது என்பது அந்த இருவரின் முடிவு.

1929 ஜனவரியில், 54-ஆவது வயதில், புற்றுநோயால் கோல்ட்பெர்கர் இறந்தார். உணவில் எந்தச் சத்து இல்லாததால் நோய் வருகிறது என்பதை 1937-இல் எல்வெஹ்யெம் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். இன்று நாம் நியாசின் என்று சொல்லும் வைட்டமின் அது. மக்காச்சோளத்தில் இந்தச் சத்து உடம்பில் ஒட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மக்காச்சோளத்தின் தாயகமான மெக்ஸிகோவில் ஏழைகள் தலைமுறை தலைமுறையாகத் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே சாப்பிட்டார்கள். அது கட்டை அவிழ்த்துவிடும். தானியத்தை வேறு தேசத்துக்குக் கொண்டுபோனவர்கள் அந்த ஏழைகளின் சமையல் அறிவைக் கொண்டுபோகவில்லை.

1940-க்குப் பிறகு மாவிலும் ரொட்டியிலும் வைட்டமின் சேர்த்தார்கள், வருமானமும் உயர்ந்தது, நோய் ஒழிந்தது. ஆனால் அதற்கு முன்பே சில வட்டாரங்களில் நோய் குறைந்திருக்கிறது. காரணம் ஒரு பூச்சி! பருத்திக் காயைத் துளைக்கிற கூன்வண்டு புகுந்து பருத்தியை அழித்த இடங்களில், வேறு வழியில்லாமல் உணவுப் பயிர் வைத்தார்கள்; பெல்லாக்ரா சாவு குறைந்தது என்று பிற்காலத்துப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். டாக்டர் கெஞ்சியும் பண்ணையார் செய்யாததை ஒரு வண்டு செய்ய வைத்தது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. நம் தக்காணத்திலும் இந்த நோய் இருந்தது. ஹைதராபாத்தைச் சுற்றி, சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் பெல்லாக்ரா இருப்பதை டாக்டர் கோபாலனும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அவர் பணியாற்றிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறும் வரை நம் குன்னூரில்தான் இருந்தது.

தோழர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

உழைக்கிறவனுக்கு நோய் வந்தால், அவன் அழுக்கன், அவன் குடிகாரன், அவன் வம்சம் அப்படி என்று சொல்லுவதற்கு எப்போதும் ஆள் இருக்கும். கூச்சல் போட்டு மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950-களில் ஷில்லிங் என்ற டாக்டர், திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் யாருக்கு நெஞ்சு இறுகுகிறது என்று டிபார்ட்மெண்ட் வாரியாகக் கேட்டு எழுதினார். பஞ்சுத் தூசி அதிகமுள்ள கார்டிங் பகுதிக்காரர்கள்தான் அதிகம் சொன்னார்கள். "பீடி குடிக்கிறாய், அதனால் இருமுகிறாய்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு பதிலாயிற்று.

நாமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். டிபார்ட்மெண்ட்டில், அல்லது தெருவில், யார் படுத்தார்கள், எந்த மாதம், வாரத்தில் எந்த நாள், என்ன வேலை, என்ன சாப்பாடு என்று எழுதலாம். படுக்காதவர்களையும் எழுத வேண்டும். அவர்களை எழுதாவிட்டால் ஒப்பிட ஆளில்லை, கணக்கு பாதிக் கணக்காகிவிடும். பெண்களைத் தனியே கேட்டு எழுத வேண்டும். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் அந்தப் புத்தகம் ஒரு காசு பெறாது. நமக்குப் பிடிக்காதது வந்தாலும் எழுத வேண்டும். கோல்ட்பெர்கரின் கணக்கை எதிரிகளால் வெறுக்க முடிந்தது, பொய் என்று காட்ட முடியவில்லை. அதன் பலம் அதுதான்.

எழுதிய பிறகு படித்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கணக்கை அர்த்தப்படுத்துவது அவர் தொழில். ஆனால் டாக்டரால் கூலியை உயர்த்த முடியாது. கோல்ட்பெர்கர் நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டினார். அந்த வேரைப் பிடுங்குவது அவர் கையில் இல்லை; அவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள் ஜனங்கள் செத்தார்கள். சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்ட தோழர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்: டாக்டர் முடிக்கிற இடத்தில் நம் வேலை தொடங்குகிறது.

நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.